சேறும் சில்லும்

வாகனமொன்றைப் பற்றிய பேச்சு எழுந்தால் அதன் எஞ்சினைப் பற்றியே முதலில் விசாரிப்பது நம்மவர் வழக்கம். எத்தனை குதிரைவலு, எத்தனை லீற்றர், பெற்றோலா டீசலா என்று கேட்டறிந்துகொள்வர். அவ்வலு முழுவதும் ஈற்றில் நிலத்தைச் சென்றடைவது விரித்த கைகள் நான்கின் பரப்பேயான இரப்பரின் ஊடாகத்தான் என்பது பெரும்பாலும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. தார் வீதியிலே திரிபவருக்கு அந்நினைவு தேவையுமன்று. மாரிகாலத்திலே மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வயல்வழிகளில் வண்டியோட்ட நேர்ந்தவருக்கோ எஞ்சின் மறந்துபோகும். ரயர் ஒன்றே மனத்தில் நிற்கும்.

என் தாய்மாமனின் கமம் முருங்கனுக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் பகுதியில் உள்ளது. அருவி ஆற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் மறித்து வாய்க்கால் வழியே அக்குளத்துக்கு நீரைத் திருப்பிய பழைய ஏற்பாடே இன்றும் அப்பகுதி வயல்களுக்கு உயிர். வரண்ட வலயத்தின் பெரும்பகுதியிற் செங்கபில மண் காணப்படுகின்றது. முருங்கன் பகுதியிலோ கருங்களிமண். கோடையில் அது கை நுழையுமளவுக்கு வெடித்துப் பிளந்து கிடக்கும். மழை விழுந்ததும் நீரைக் குடித்து வீங்கி, பிளவுகளெல்லாம் மூடிக்கொள்ள, மேற்பரப்புப் பசையாகிவிடும். அதில் வெறுங்காலுடன் பத்தடி நடந்தவரின் பாதத்தில் ஒரு செருப்பின் கனத்துக்கு மண் ஒட்டியிருக்கும். மாமாவின் வீட்டிலிருந்து தார் வீதிக்கு ஆறு கிலோமீற்றர். தார் வீதியை அடுத்த இரண்டு கிலோமீற்றர் கிறவல்; எஞ்சிய நான்கும் இந்த மண்தான்.

அவரிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த ஹைலக்ஸ் டபிள் கப் ஒன்று. முன்னும் பின்னும் முழு அச்சு, இரண்டிலும் வில்லுத் தகடுகள், 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், நான்கு சில்லு இழுவை. புதிய வண்டி வாங்கும் எண்ணமே எழாத காலம் அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டி வைத்திருந்தோர் அதனைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழியறியார். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்திலே மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறைக்கு இது புதிய வித்தையுமன்று.

2023 ஆவணியில் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது மாமா என்னை முற்றத்துக்கு அழைத்து, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவுஸ்திரேலியப் பாலை எதிலோ நின்ற ஹைலக்ஸ் அது. மட்காட்டுக்கு வெளியே பிதுங்கிய ரயர்கள். இடுப்பளவு உயரத்திற் கதவின் அடிவிளிம்பு. சிறுபோக நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியை அவர் ஒதுக்கி வைத்திருந்தார்.

“மருமகன், நீர் எஞ்சினியரிங் படிக்கிறீர். முப்பத்திமூண்டு இஞ்சி ரயர் போட்டா இந்தச் சேத்தைக் கடக்குமோ கடக்காதோ, அதை மட்டும் சொல்லும்.”

வெறும் ஆசையாக இருந்திருப்பின் நான் சிரித்துவிட்டு அகன்றிருப்பேன். மாமாவின் மூத்த மகள், எனக்கு மச்சாள் முறையானவர், தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தார். நாள் குறித்திருந்தது மார்கழி நடுப்பகுதிக்கு. வடகீழ்ப் பருவமழை தன் முழுப் பலத்துடன் கொட்டும் காலம் அது. முந்திய மாரியில் அந்த நான்கு கிலோமீற்றரில் ஹைலக்ஸ் மூன்று தடவை புதைந்ததையும், மூன்று தடவையும் அயலவரின் உழவு இயந்திரம் வந்து இழுத்ததையும் மாமி கணக்கு வைத்திருந்தார்.

ரயரின் உயரம் பற்றிய கணக்கு மிக எளிது. அதனாலேயே அது பலரை ஏமாற்றிவிடுகிறது. வண்டியோடு வந்த 205ஆர்16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 740 மில்லிமீற்றர். 33 அங்குல ரயரின் விட்டம் 838. வேறுபாடு 98 மில்லிமீற்றர். ஆயின் அச்சு சில்லின் நடுவில் இருப்பதால், வண்டி உயர்வது அதிற் பாதிதான்: 49 மில்லிமீற்றர், ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரம். வில்லுத் தகடுகளைக் கூட்டி உடலை மேலும் உயர்த்தலாமே என்று கேட்கலாம். உயர்த்தலாம், உயர்வது உடல் மட்டுமே. சேற்றில் முதலில் இடித்து நிற்பது அச்சின் நடுவே தொங்கும் டிபரன்சலின் இரும்புக் குடம். முழு அச்சுள்ள வண்டியில் அக்குடத்தை உயர்த்த வல்லது ரயரின் ஆரை ஒன்றே. படத்தில் கண்ட கம்பீரத்தின் பெரும்பகுதி, கீழே நிகழும் காரியத்துக்குப் பயன்படாத உயரம் என்பதை அன்றுதான் மாமா அறிந்தார். அவர் முகம் சற்று வாடியது.

அந்தத் தீப்பெட்டி உயரத்துக்காகக் கொடுக்கவேண்டிய விலை கடையிற் சொல்லும் விலையோடு முடிவதில்லை. விட்டம் 13 வீதம் கூடினால், சில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 13 வீதம் கூடுதலான தூரம் செல்லும். அதே அளவுக்கு இழுவை குறையும். சுமார் 90 குதிரைவலுவை மட்டும் கொண்ட பழைய டீசல் எஞ்சினுக்கு இது சிறு இழப்பன்று. இழந்ததை மீட்க டிபரன்சலின் பற்சக்கரங்களை மாற்றவேண்டும்: 4.1 விகிதம் உள்ள வண்டியாயின் 4.6க்கு மேற்பட்ட விகிதம் தேவைப்படும். நான்கு சில்லு இழுவையுள்ள வண்டியில் முன் டிபரன்சலையும் பின் டிபரன்சலையும் ஒருங்கே மாற்றவேண்டும் என்பதால் செலவு இரட்டிக்கும். வேகமானியோ சில்லோடு தொடர்புடைய தண்டின் சுற்றுக்களை எண்ணுகின்றதேயன்றித் தூரத்தை அளப்பதில்லை. அது 60 காட்டும்போது வண்டி 68இல் ஓடும். அதே வேகத்தை அதே தூரத்திற் கட்டுப்படுத்தப் பிறேக்கும் 13 வீதம் கூடுதலாக உழைக்கவேண்டும். பன்னிரண்டரை அங்குல அகல ரயருக்குப் பழைய ரிம் பொருந்தாது. புதிய ரிம் சில்லை வெளியே தள்ளும்; தள்ளினால் போலிகள் விரைவில் தேயும்; ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பும்போது ரயர் மட்காட்டில் உரசும். உரசாதிருக்க உடலை உயர்த்தவேண்டும். உயர்த்தினால் வரம்பு ஏறி இறங்கும்போது வண்டி முன்னரிலும் எளிதாகச் சாயும். இவற்றுக்கு மேலாக டீசலும் கூடச் செலவாகும். 2022இல் கியூஆர் குறியைக் காட்டி அளந்து டீசல் பெற்ற நாட்களை எந்தக் கமக்காரரும் அதற்குள் மறந்திருக்கவில்லை. பதிவுச் சான்றிதழில் ரயரின் அளவும் பதியப்பட்டிருப்பதால், விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் கேள்வியும் உண்டு.

இவ்வளவையும் நான் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டிருக்கையில், குசினி வாசலில் நின்ற மாமி ஒரே வசனத்தில் வேறொன்றைக் கேட்டார்: “எல்லாம் சரி, வயித்துப் பிள்ளையோட அவள் அந்த உயரத்துக்கு எப்பிடி ஏறுறது?”

33 அங்குலம் அத்துடன் விடைபெற்றது. என் கணக்குகளைவிட அக்கேள்விக்கே வலு அதிகம் இருந்ததென்பதைச் சொல்லவேண்டும்.

பெரிய ரயர் வீண் ஆடம்பரம் என்று இதனாற் கொள்ளலாகாது. அது பிறந்த நிலத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஐஸ்லாந்திலே பனிக்கட்டிப் பரப்புகளின்மேற் செல்லும் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு 38 அங்குலம், 44 அங்குலம் என்று ரயர் பூட்டுகிறார்கள். அங்கே அவர்கள் தேடுவது உயரத்தை அன்று. இளம்பனியில் வண்டி அமிழாமல் மிதக்கவேண்டும்; அதற்காக ரயரின் காற்றைச் சதுர அங்குலத்துக்கு ஐந்து இறாத்தலுக்கும் கீழே இறக்குகிறார்கள். அவ்வளவு காற்றை இழந்தும் ரிம் நிலத்தைத் தொடாதிருக்க ரயர் பெரிதாக இருந்தேயாகவேண்டும். பெரிய ரயர் அவர்களுக்குக் குறைந்த காற்றுக்கான வழி. நம் இளைஞர் பலர் ரயரை மட்டும் பார்த்துக் காற்றை மறந்துவிடுகின்றனர். நாற்பது இறாத்தல் அடித்த அகல ரயருடன் சேற்றுக்குள் இறங்கி வழுக்குகின்றனர்.

காற்றின் இந்த இரகசியம் சற்று விரித்துக் கூறத்தக்கது. ஆட்களுடன் 1600 கிலோ நிறையுள்ள வண்டியில் ஒரு சில்லின்மீது 400 கிலோ, அதாவது ஏறத்தாழ 880 இறாத்தல் பாரம் இறங்குகிறது. ரயருக்குள் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று இருப்பின், பாரத்தைத் தாங்க ஏறத்தாழ 29 சதுர அங்குல இரப்பர் நிலத்தைத் தொடவேண்டும். காற்றை 15 ஆக்கினால் தொடும் பரப்பு 59 ஆகிவிடும். ரயரின் பக்கச் சுவரும் ஓரளவு பாரத்தைத் தாங்குவதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக இராது, போக்கு இதுவே. இதில் ரயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க. ஒரே காற்றில் அகல ரயர் தொடும் பரப்பும் ஒடுங்கிய ரயர் தொடும் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே; ஒன்றின் தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், மற்றதன் தடம் நீண்டும் ஒடுங்கியும் இருக்கும். ஆகவே தொடும் பரப்பை இரட்டிப்பாக்கும் மாற்றம் எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கவேண்டியதன்று. வால்வுக் குச்சியை ஓர் ஈர்க்கால் அழுத்தினாற் போதும்.

ஐப்பசியின் முதல் மழைகளுக்குப் பின் இதனைப் பரீட்சித்துப் பார்த்தோம். பழைய ரயர்களுடனேயே, முந்திய மாரியில் புதைந்த வாய்க்காற் கரையோரம் வண்டியைக் கொண்டுபோனோம். 30 இறாத்தலில் பின்சில்லுகள் இரண்டு முழம் போவதற்குள் சுழன்று குழி தோண்டத் தொடங்கின. பின்னுக்கு எடுத்து, 18க்கு இறக்கி, லோ கியரில் விட்டோம். மாமா அக்சிலேற்றரை அழுத்தாமலே வண்டி தவழ்ந்து அக்கரை சேர்ந்தது. கீழே இறங்கிச் சில்லுத் தடத்தைக் குனிந்து பார்த்தவர், “காசு குடுக்காமப் போச்சு” என்றார்.

எனினும் பழைய ரயர்கள் தேய்ந்திருந்தன, புதியவை வாங்கியேயாகவேண்டும். அகலமா ஒடுக்கமா என்ற கேள்வி இங்கேதான் எழுந்தது. இதற்கு நூல்களைவிட மாமாவின் ஞாபகம் பெரிதும் உதவியது. அவருடைய அப்புவின் மாட்டுவண்டிச் சில்லு ஓராள் மார்பளவு உயரம். நிலத்தைத் தொடும் இரும்புப் பட்டமோ மூன்று விரற்கடை அகலம். உயரமான சில்லு பள்ளத்தில் முழுதாக இறங்குமுன் அடுத்த விளிம்பில் ஏறிவிடும். ஒடுங்கிய சில்லு மேலேயுள்ள குழம்பை அறுத்துக்கொண்டு கீழேயுள்ள திடமான மண்ணைத் தேடும். ஆண்டாண்டாகச் சேறடித்து மிதித்த வயலில், ஒரு சாண் கீழே இறுகிய படையொன்று இருக்கும். அங்கே ஒடுங்கிய சில்லுக்கே வெற்றி. கிறவல் வழியிலும் மேலே சேறு, கீழே கல். ஆழம்வரை ஒரே களியாயிருக்கும் கருமண்ணில் மட்டும் அந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது. அறுத்துச் சென்று சேர அங்கே அடித்தளம் எதுவுமில்லை. அதைவிடக் கொடியது ஒட்டும் குணம்: ரயரின் வெட்டுக்களுக்குள் களி நிறைந்து, பத்துச் சுற்றில் ரயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். வெட்டுக்கள் ஆழமாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருந்தால் சுழலும்போது களி உதிரும். ஆயின் அத்தகைய ரயர் நனைந்த தார் வீதியிற் பிடிமானம் குறைந்தது, ஓசையும் அதிகம். வைத்தியசாலைக்குச் செல்லும் வழியில் களிமண் நான்கு கிலோமீற்றர்; தார் வீதியோ அதனிலும் பன்மடங்கு. ஒன்றுக்காக மற்றதை முற்றாக விட்டுக்கொடுக்க முடியாது.

இறுதியில் 7.50ஆர்16 என்ற அளவிற் கண் நின்றது. லாண்ட் குறூசர்களும் சிறிய லொறிகளும் பூட்டித் திரிந்த பழைய அளவு அது. விட்டம் ஏறத்தாழ 805 மில்லிமீற்றர். குடத்தின் கீழே கிடைக்கும் கூடுதல் இடம் 32 மில்லிமீற்றர். பழைய ரிம்மிலேயே ஏறும். வேகமானியின் பிழை 60க்கு 65. பாரம் தாங்கும் வலு மிகுதியாதலால் சூடடித்த நெல் மூட்டைகளுக்கும் கவலையில்லை. படம் பிடித்துப் போடத்தக்க அழகு அதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாங்கச் சென்ற இடத்தில் நிகழ்ந்த ஒன்றையும் எழுதுவது வாசகருக்குப் பயன்படும். நகரத்துக் கடையொன்றில், கடைக்காரர் எங்களை 33 அங்குலப் பக்கமே மீண்டும் இழுத்தார். “புத்தம் புதுசு, அரை விலை” என்று நான்கைக் காட்டினார். கறுப்பு மினுங்கியது, முடிமயிர்கூட உதிரவில்லை. பக்கச் சுவரிலே நீள்வட்டத்துக்குள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களை நான் தேடிப் படித்தேன்: 0811. முதலிரண்டு இலக்கமும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2011ஆம் ஆண்டின் எட்டாம் வாரத்தில் வார்த்த இரப்பர் அது. ஓடாத ரயரும் முதுமை அடையும். காற்றும் வெயிலும் இரப்பரை உள்ளிருந்தே கடினமாக்கி வெடிக்கச் செய்யும். பன்னிரண்டு வயதான ரயரை நான்கு பேர் ஏறும் வண்டிக்கு எவர் பூட்டுவார்? கடைக்காரர் அவ்விலக்கங்கள் தொழிற்சாலைக் கணக்குக்கானவை என்றார். நாங்கள் வேறு கடைக்குப் போனோம். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு இரப்பர்க் கன்றுகள் வந்திறங்கிய நாட்டிலே, உலகின் பாரந்தூக்கி வண்டிகளுக்குத் திண்ம ரயர் வார்த்தனுப்பும் நாட்டிலே, ரயரின் வயதைப் படிக்கத் தெரிந்தோர் இவ்வளவு அரிதாயிருப்பது வியப்புக்குரியது.

மிஞ்சிய பணத்தில் வாங்கியவை கவர்ச்சியற்றவை: காற்றுமானி ஒன்று, பற்றறியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று, அகலமான இழுவைப் பட்டி ஒன்று, புதைந்தால் சில்லின் கீழே வைக்க இரண்டு முதிரைப் பலகைகள். முன் பம்பரில் விஞ்ச் பூட்டும் ஆசை மாமாவுக்கு இருந்தது. விஞ்சின் கம்பியைக் கட்டுவதற்கு மரம் வேண்டும். அந்த நான்கு கிலோமீற்றரில் இருபுறமும் வயல்வெளி, நிற்பன மின்கம்பங்களே. அதைக் கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். டிபரன்சலைப் பூட்டும் லொக் உண்மையிற் பயனுள்ள பொருள். சாதாரண டிபரன்சல் இரு சில்லுகளுக்கும் ஒரே அளவு முறுக்கையே கொடுப்பதால், ஒன்று சேற்றிற் சுழலத் தொடங்கினால் திடமண்ணில் நிற்பதும் வலுவிழந்து நிற்கும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சுழன்றேயாகவேண்டும். ரயரைப் பெருப்பிப்பதற்கு முன்னர் நினைக்கவேண்டியது அதுவே என்பது என் துணிபு. விலை எட்டவில்லை.

7.50ஆர்16 ரியூப் உள்ள ரயராக அமைந்தபடியால் காற்றை 15வரை இறக்கத் துணியவில்லை. மிகக் குறைந்த காற்றில் ரயர் ரிம்மின்மீது நழுவினால், ரியூப்பின் வால்வு அடியோடு பிடுங்கப்படும். 20 என்று வரையறுத்தோம். களிவழி முடிந்து கிறவலில் ஏறியதும் வண்டியை நிறுத்திப் பம்பியால் மீண்டும் 35க்கு ஏற்றவேண்டும். குறைந்த காற்றுடன் தார் வீதியில் விரைந்தால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடித்துவிடும். நான்கு சில்லுக்கும் காற்றேற்ற இருபது நிமிடம் செல்லும். அவசரத்தில் அந்த இருபது நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதையும் முன்னரே கணக்கிற் சேர்த்து, ஒருநாள் மச்சாள் இல்லாமலே ஒத்திகை பார்த்தோம்.

மார்கழியில் எட்டு நாள் விடாத மழை. அதில் இரண்டு நாள் எந்த ரயராலும் எதுவும் ஆகவில்லை. கருமண்வழி முழுவதும் நீரின் கீழே கிடந்தது. உழவு இயந்திரமும் பெட்டியுமே அதனைக் கடந்தன. அந்த இரண்டு நாளில் வலி வந்திருந்தால் மச்சாளும் பெட்டியில் படங்கு விரித்துத்தான் போயிருப்பார். மழை விட்டு மூன்றாம் நாள் பின்னேரம், குறித்த நாளுக்கு முன்பாகவே, மாமா முடிவெடுத்துப் புறப்பட்டார். நான் வளாகத்தில் பரீட்சையில் இருந்தேன். நடந்ததை மாமி தொலைபேசியிற் சொன்னார். வாய்க்காற் கரையோரத்தில் ஒரு தடவை பின்சில்லு சுழன்றது. பலகை வைத்ததும் ஏறிவிட்டது. கிறவலில் நின்று காற்றேற்றும்போது மச்சாள் அலுத்துக்கொண்டாராம். இரண்டு நாள் கழித்து மன்னார் வைத்தியசாலையிற் பெண் குழந்தை பிறந்தது.

ரயர்கள் இன்னும் ஓடுகின்றன. வெட்டுக்களில் மூன்றிலொரு பகுதி தேய்ந்திருக்கிறது. அடுத்த காலபோகத்துக்கு முன் பின் டிபரன்சலுக்கு லொக் ஒன்று பார்க்கவேண்டும், விலை விசாரித்து அனுப்பும் என்று மாமா சொல்லியிருக்கிறார். முதலில் பிறேக் லைனிங் என்று மாமி சொல்லியிருக்கிறார்.